ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகள்: கைக்கு ஏற்ற பிடி அமைந்திருக்கிறதா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியைச் சேர்ந்த யூசுஃப் டிகேச் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, அலட்டிக்கொள்ளாமல் நின்று சுட்ட படம் வாட்ஸ்ஆப் குழுக்கள்தோறும் சுற்றி வந்தது. அவரும் செவ்வால் இலைதா தர்ஹானும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். எல்லாரும் பைக்குள் இருந்த கையைப் பற்றித்தான் பேசினார்கள். அது பெரிய விஷயமே இல்லை. உடம்பு ஆடாமல் இருக்க ஏர் பிஸ்டல் வீரர்கள் பலரும் மறுகையைப் பைக்குள்ளோ இடைவாரிலோ செருகிக்கொள்வது வழக்கம். கவனிக்க வேண்டியது துப்பாக்கியைப் பிடித்திருந்த கையை. இந்த விளையாட்டில் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு அந்தக் கைக்கும் துப்பாக்கிப் பிடிக்கும் இடையில்தான் தீர்மானமாகிறது.

இது நம் வட்டாரத்துக்கு அந்நியமான விளையாட்டும் அல்ல. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூரின் தியோ ஷுன் ஷீ மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம் வென்றார். மலேசியாவின் ஜோனதன் வோங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் களமிறங்கினார். சுக்மா போட்டிகளிலும் குறி சுடுதல் இடம்பெறுகிறது. உயரம் வேண்டாம், வேகமாக ஓட வேண்டாம், உடல் பருமன் தடையில்லை. நிதானமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டு. அப்படியிருந்தும், ஆசையோடு கிளப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே சில பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். "கைக்கு வலு போதாது", "கை நடுங்குகிறது" என்று காரணம் சொல்லப்படுகிறது. உண்மையில் பல நேரங்களில் குறை கையில் இல்லை, கையில் கொடுக்கப்பட்ட பிடியில் இருக்கிறது.

முதலில் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சுடுபவர் நின்றபடி, ஒரே கையில் துப்பாக்கியை நீட்டி, 10 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கைச் சுட வேண்டும். குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன ஈயக் குண்டு. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், அவற்றைச் சுட 75 நிமிடம். பெண்களுக்கு முன்பு 40 குண்டுகளாக இருந்தது, 2018 முதல் அவர்களுக்கும் 60. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நடைமுறையில் பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். ஒரு கிலோ சீனிப் பையை நீட்டிய ஒற்றைக் கையில் 60 முறைக்கு மேல் தூக்கி இறக்குவதாக நினைத்துப் பார்த்தால் போதும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக்கூடாது. கைக்கடிகாரம், காப்பு போன்றவற்றையும் அந்தக் கையில் அணிய முடியாது.

இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் அந்த விலகல் 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்துப் புள்ளிக்குப் போக வேண்டிய குண்டு ஏழில் போய் விழும். அதனால்தான், மணிக்கட்டைத் திருகியோ விரலை எக்கிப் பிடித்தோ குறியை நேராக்க வேண்டிய நிலையில் ஒரு பிள்ளை இருந்தால், அது எத்தனை நாள் பயிற்சி செய்தாலும் புள்ளி ஏறாது. முதல் பத்துக் குண்டுகள் நன்றாகப் போகும். நாற்பதாவது குண்டுக்குள் தசை களைத்து, கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பிவிடும். குறியும் அதோடு நகர்ந்துவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. தன் பால்வெட்டுக் கத்தியை இன்னொருவருக்கு இரவல் கொடுக்க மனம் வராதவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். கஞ்சத்தனத்தால் அல்ல. வருடக்கணக்கில் பழகிய கத்தி அவரவர் கைக்கு அமைந்திருந்தது. பாராங் கத்தியின் பிடி பருமனாக இருந்தால் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார்கள். மெலிந்திருந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவார்கள். கருவிக்காகக் கையை மாற்ற முடியாது, கைக்காகத்தான் கருவியை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏர் பிஸ்டலின் மரப்பிடியும் அப்படிச் செதுக்கி, ஒட்டிச் சரிசெய்வதற்கென்றே உள்ளது. ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர் போன்ற நிறுவனங்கள் போட்டித் துப்பாக்கிகளுக்கான பிடியை எஸ், எம், எல் என்று சட்டை அளவு போலப் பிரித்து விற்கின்றன. வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கிளப்புகளில் உள்ள பொதுத் துப்பாக்கியில். பத்துப் பேர் மாறி மாறிப் பிடிக்கும் துப்பாக்கியில் பெரும்பாலும் நடுத்தர அளவோ பெரிய அளவோதான் பொருத்தியிருக்கும். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் கையில் அது பெரியப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். விசையை விரல் எட்டாது. எட்டுவதற்காக அந்தப் பிள்ளை கையைப் பிடியைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்த்தும். அப்படி நகர்த்தியதும் துப்பாக்கிக் குழல் முன்கையின் நேர்க்கோட்டை விட்டு விலகிவிடும். அதைச் சரிக்கட்ட மணிக்கட்டை மடக்கும். மடக்கிய மணிக்கட்டு சீக்கிரம் நடுங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நடுக்கம் மட்டும்தான் தெரியும்.

பிடி பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பயிற்றுநரின் அனுமதியோடு, சுடுதளத்தில், குண்டு போடாத துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கையைக் குலுக்க நீட்டுவது போலப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவைத் திறந்து, மறுகையால் துப்பாக்கியை அந்த வளைவுக்குள் மேலே வரை நன்றாக இறக்க வேண்டும். பிடித்த பிறகு அந்த வளைவுக்கும் பிடிக்கும் இடையே இடைவெளி தெரியக்கூடாது. பின்னால் நின்று பார்த்தால் குழல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குழல் ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம் என்று இருந்தால் அந்தப் பிடி அந்தக் கைக்கு உரியதல்ல.

அடுத்தது ஆள்காட்டி விரல். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான், பலர் கோட்டை விடுவதும் இதில்தான். விரலின் முதல் கணுவில் உள்ள சதைப்பகுதி விசையின் மேல் இயல்பாக உட்கார வேண்டும். விரலின் மற்றப் பகுதி பிடியின் மரத்தில் உரசவே கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். மரத்தில் விரல் ஒட்டியிருந்தால் விசையை இழுக்கும்போது துப்பாக்கியையும் சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளும். விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அரைக் கிலோ என்பது விரலுக்குச் சின்ன வேலைதான். ஆனால் விரல் நுனியால் எட்டிப் பிடித்து இழுக்கிறபோது அந்த அரைக் கிலோ நேராகப் பின்னால் வராமல் கோணலாக வரும். போட்டித் துப்பாக்கிகளில் விசையை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க முடியும். சின்னக் கைக்கு அதைப் பின்னால் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்குச் சில நிமிடமும் ஒரு சின்னச் சாவியும் போதும். ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

நடுவிரல் விசைக்காப்பு வளையத்துக்குக் கீழே ஒட்டி நிற்க வேண்டும். துப்பாக்கியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் அந்த விரல்தான். மோதிர விரல் துணைக்கு இருக்கும். சுண்டுவிரல் அழுத்தக்கூடாது, சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பெருவிரலும் அப்படியே. அதை ஊன்றி அழுத்தினால் குறி ஆடும். பிடியின் அடியில் உள்ளங்கையைத் தாங்குவதற்கு மேலும் கீழும் நகரும் பலகை ஒன்று இருக்கிறது. அதை இறுக்கி வைத்துக் கையை நசுக்குவது தொடக்கக்காரர்கள் செய்வது. இறுக்கினால் துப்பாக்கி அசையாது என்று நினைப்பார்கள். இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போவதுதான் மிச்சம். கை உள்ளே போய் வர இடம் இருக்க வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக்கூடாது.

கடைசிச் சோதனை கண்ணை மூடிக்கொண்டு செய்வது. இலக்கை நோக்கி நின்று, கண்களை மூடி, துப்பாக்கியை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கையை அதன் போக்கில் நிற்க விட வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் முன்குறி பின்குறிப் பள்ளத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால், அல்லது முன்குறி எப்போதும் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால், பிடியின் கோணம் தப்பு. ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. பத்து முறை செய்து, எட்டு முறை ஒரே பக்கம் விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். பல போட்டித் துப்பாக்கிகளில் பிடியைத் திருப்பவும் சாய்க்கவும் திருகாணிகள் இருக்கின்றன. குறிகள் நேராக இருந்து, முழுத் துப்பாக்கியும் இலக்கை விட்டு விலகி நின்றால் அது பிடியின் குறையல்ல. கால் வைத்து நிற்கும் நிலையை மாற்ற வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கால் தப்புக்கு மரத்தைச் செதுக்கியவர்களும் உண்டு.

இந்தச் சோதனையைப் பயிற்சி தொடங்கும்போது மட்டும் செய்வது போதாது. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் கையை மாற்றிவிடும். குளிர்சாதன அறையில் பொருந்திய பிடி, அரை மணி நேரம் சுட்டபின் வியர்த்துச் சற்றே வீங்கிய கையில் இறுக்கமாகத் தெரியும். ஆகவே முப்பது குண்டு சுட்டு முடித்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். பிடியின் மரத்தில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு செய்திருப்பது அழகுக்கு அல்ல, வியர்வையில் வழுக்காமல் இருப்பதற்கு. வளரும் பிள்ளையாக இருந்தால் ஒவ்வொரு பள்ளித் தவணைக்கும் ஒருமுறை அளவு பார்ப்பது நல்லது. சப்பாத்து பத்தாமல் போவது தெரிகிறது, பிடி பத்தாமல் போவது தெரிவதில்லை.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடக்கையால் எழுதினாலே அதட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை. கிளப்பிலும் வலக்கைப் பிடிகளே அதிகம் இருப்பதால், இடக்கைப் பிள்ளையையும் வலக்கையில் பிடிக்கச் சொல்லிவிடுவார்கள். வலக்கைக்குச் செதுக்கிய பிடியை இடக்கையில் பிடிக்கவே முடியாது என்பதும் உண்மை. இருபக்கமும் ஒத்த பொதுப்பிடி கிடைக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும். எந்தக் கை என்பதோடு எந்தக் கண் என்பதையும் பார்க்க வேண்டும். இரு கண்ணையும் திறந்து தூரத்துப் பொருள் ஒன்றை விரலால் காட்டி, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் பொருளை விட்டு நகராமல் இருக்கிறதோ அதுதான் குறிக்கண். கையும் கண்ணும் ஒரே பக்கமாக இருந்தால் வேலை சுலபம்.

ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் கரோய் டகாச் வலக்கையால் சுட்டு வந்தவர். 1938ல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். இடக்கையைப் பழிப்பவர்கள் அவரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிடியைக் கைக்கு ஏற்பச் சரிசெய்வது தச்சு வேலை மாதிரிதான். அதிகமாக இருக்கும் இடத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்கலாம். குறையும் இடத்தில் மரப்புட்டியை அப்பிக் காயவைத்துப் பிறகு தேய்க்கலாம். இரண்டில் புட்டி அப்புவது பாதுகாப்பானது. வைத்ததை எடுக்கலாம், செதுக்கியதைத் திரும்ப வைக்க முடியாது. ஒரே நாளில் முடித்துவிட நினைக்காமல், சிறிது மாற்றி, ஒரு வாரம் சுட்டுப் பார்த்து, மறுபடி சிறிது மாற்றுவதே வழி. கிளப்புக்குச் சொந்தமான துப்பாக்கியின் பிடியில் கைவைக்கக்கூடாது. பிள்ளை தொடர்ந்து ஆடும் என்று தெரிந்தால் துப்பாக்கி வாங்குவதற்கு முன் தனிப்பிடி ஒன்றை மட்டும் வாங்கி, கிளப் துப்பாக்கியில் மாட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். ஒரே ரகத் துப்பாக்கியாக இருந்தால் மாற்றுவது எளிது. புட்டி அப்பும்போது இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். போட்டிக்கு முன் துப்பாக்கியை 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். பிடியோடு சேர்த்து அதற்குள் அடங்க வேண்டும். அந்த 50 மில்லிமீட்டர்தான் பலருக்கு இடிக்கும். பிடி மணிக்கட்டைத் தாங்கும் அளவுக்கு நீண்டிருந்தாலும் ஆட விடமாட்டார்கள்.

பிடிப் பிரச்சினை விளையாட்டோடு நிற்பதல்ல. அமெரிக்க இராணுவம் 1985ல் ஏற்றுக்கொண்ட பெரெட்டா எம்9 கைத்துப்பாக்கியில் 15 குண்டுகள் இரட்டை வரிசையாக அடுக்கப்பட்டிருந்ததால் பிடி தடித்திருந்தது. சிறிய கை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது நெடுநாள் தொல்லையாக இருந்தது. 2017ல் அதற்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிக் சவர் துப்பாக்கிக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுப் பிடிகள் வைத்தார்கள். மலேசியக் காவல்துறையில் புழங்கும் வால்தர் பி99 ரகத்திலும் பிடியின் பின்பகுதியைக் கழற்றிக் கைக்கு ஏற்ற அளவில் மாற்ற முடியும். ஆயுதம் ஏந்தும் வேலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் பயிற்சிக் கூடத்தில் தடுமாறினால், பிடியின் அளவு சரிதானா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிர் சம்பந்தப்பட்ட துப்பாக்கியில் அந்தக் கேள்வி இன்னும் அவசியம். ஏர் பிஸ்டலில் பின்னுதைப்பு மிகக் குறைவு. காவல்துறைத் துப்பாக்கியில் கை சரியாக உட்காராவிட்டால் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பிள்ளையின் ஆர்வத்தைப் பார்த்து இணையத்தில் துப்பாக்கி தேடும் பெற்றோருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். காற்றால் சுடுவதுதானே, விளையாட்டுச் சாமான்தானே என்பது எடுபடாது. உரிமத்தை மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் சுடுகருவி வைத்திருப்போர் மீது பாயும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டம் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கிறது. அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிகளுக்கும் இரு நாடுகளிலும் கெடுபிடி இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போய் வரும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடுவது.

பதிவு பெற்ற கிளப்பில் சேருவது ஒன்றுதான் வழி. துப்பாக்கி அங்கேயே இருக்கும், பயிற்றுநரின் கண்முன்னே எடுத்து, சுட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். சேர்க்கும் நாளில் கட்டணம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று கேட்பதோடு, சிறிய அளவுப் பிடி இருக்கிறதா, இடக்கைப் பிடி இருக்கிறதா, விசையை நகர்த்தித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளலாம். இருக்கிறது என்றால், முதல் வகுப்பிலேயே பிள்ளையின் கைக்கு எந்த அளவு என்று பார்த்துப் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைக்கச் சொல்லலாம்.